அப்பா பெயரில் ஒரு ஒயின்

ஒயின் பாட்டிலில் தாத்தா பெயரையோ அப்பா பெயரையோ போட்டு விற்பது பழைய வியாபாரத் தந்திரம்தான். லேபிளில் பழங்காலத்து எழுத்தில் ஒரு பெயர், கீழே ஒரு வருடம்... விலை தானாக ஏறிவிடும்! அந்த மனிதர் யார், என்ன செய்தார் என்று வாங்குபவர் கேட்பதில்லை. அதற்காக இப்படிப்பட்ட பெயர்கள் எல்லாமே வெறும் விளம்பரம் என்று ஒதுக்கிவிடலாமா? முடியாது. ஆஸ்திரேலியாவின் 'சிரில் ஹென்ஷ்கி' என்ற சிவப்பு ஒயின் அதற்கு ஒரு காரணம்.

தெற்கு ஆஸ்திரேலியாவின் ஈடன் பள்ளத்தாக்கில் இருக்கிறது ஹென்ஷ்கி குடும்பத்தின் தோட்டம். இவர்களின் மூதாதை யோஹான் கிறிஸ்டியான் 1841ல் சிலேசியாவிலிருந்து கப்பலேறி வந்தவர். நான்காம் தலைமுறைக்காரர் சிரில். 1950களில் அந்நாட்டில் அதிகம் விற்றவை போர்ட், ஷெரி போன்ற, பிராந்தி சேர்த்த ஒயின்கள். சிரில் எதிர்த்திசையில் போனார். இனிப்பில்லாத சிவப்பு ஒயினை, அதுவும் ஒரே தோட்டத்துப் பழத்தில் செய்து, தோட்டத்தின் பெயரிலேயே விற்றார். 1952ல் 'மவுண்ட் ஈடல்ஸ்டோன்'. 1958ல் 'ஹில் ஆஃப் கிரேஸ்'. பின்னதில் 1860 வாக்கில் நட்ட ஷிராஸ் கொடிகள் இன்றும் காய்க்கின்றன.

1979ல் சிரில் இறந்தார். மகன் ஸ்டீபனும் மருமகள் ப்ரூவும் பொறுப்பேற்றார்கள். 1978 அறுவடையின் கேபர்னே சாவின்யோன் ஒயினுக்கு அப்பாவின் பெயரை வைத்தார்கள்.

பெயர் வைப்பது சுலபம். அதன் பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் முக்கியம். 1980களில் திராட்சை தேவைக்கு மேல் விளைந்து தேங்கியபோது, கொடிகளைப் பிடுங்கினால் பணம் தருவதாக அரசே அறிவித்தது. பலர் நூறாண்டுக் கொடிகளைக்கூட வேரோடு பிடுங்கினார்கள். ஹென்ஷ்கி குடும்பம் பழைய கொடிகளைக் காப்பாற்றியது. 2000ம் ஆண்டு விளைச்சல் தரமாக இல்லை என்று 'ஹில் ஆஃப் கிரேஸ்' ஒயினை வெளியிடவே இல்லை. ஒரு வருட வருமானம் போனாலும் பரவாயில்லை என்ற முடிவு அது.

இதே குடும்பம் 'ஹென்றிஸ் செவன்' என்று இன்னொரு சிவப்பு ஒயினும் செய்கிறது. ஹென்றி எவன்ஸ் இவர்கள் குடும்பத்தவர் அல்ல. 1853ல் அந்த வட்டாரத்தில் முதன்முதலாக ஏழு ஏக்கரில் திராட்சை நட்டவர். அவர் இறந்ததும், மதுவிலக்கில் தீவிரமாக இருந்த மனைவி ஒயின் கொடிகளைப் பிடுங்கச் செய்துவிட்டார். அவருடைய கொள்கை அவருக்கு. ஆனால் எவன்ஸின் தோட்டம் போய்விட்டது, மிஞ்சியது லேபிளில் உள்ள பெயர் மட்டும்.

ஹென்ஷ்கி குடும்பத்துக்கும் வியாபாரக் கணக்கு உண்டு. இவர்களுடைய ஒயின்கள் மலிவானவை அல்ல, சிரிலின் பெயரும் அந்த விலைக்கு உதவத்தான் செய்கிறது. ஆனாலும் பெயரை வைத்துப் பிழைப்பதற்கும் பெயருக்காக நஷ்டப்படுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. முன்னோர் பெயர் போட்ட அடுத்த பாட்டிலைப் பார்க்கும்போது ஒரு கேள்வி கேட்டால் போதும்: இந்தப் பெயருக்காக இவர்கள் எதையாவது விட்டுக்கொடுத்திருக்கிறார்களா?