லாரியில் அழுகிய ஆப்பிள்! அறையில் தூங்கும் ஆப்பிள்!

2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதக் கடைசி. காஷ்மீர் பக்கம் பலத்த மழை. மலை சரிந்து சாலையில் விழுந்தது. ஸ்ரீநகரையும் ஜம்முவையும் இணைக்கும் நெடுஞ்சாலை அடைபட்டது.

பழம் ஏற்றிய லாரிகள் ஆயிரக்கணக்கில் வழியில் நின்றன. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. பல லாரிகள் இரண்டு வாரம் வரை நகரவில்லை. அழுகிய பழத்தைச் சாலை ஓரத்தில் கொட்டினார்கள். ஒரு வருட உழைப்பு குப்பையாயிற்று. செப்டம்பர் நடுவில் காஷ்மீரின் பழ மண்டிகள் 2 நாட்கள் மூடிக் கிடந்தன. அது விவசாயிகளின் கண்டனம்.

ஆனால், பங்குனி, சித்திரை மாதங்களில் நம் ஊர்க் கடையிலும் காஷ்மீர் ஆப்பிள் கிடைக்கிறதே! அங்கே பழம் பறிப்பது ஆகஸ்டு முதல் நவம்பர் வரைதான். அப்படியானால் சித்திரையில் நாம் வாங்குவது ஐந்தாறு மாதங்களுக்கு முன் பறித்த பழம்! 15 நாளில் ஒரு பழம் அழுகுகிறது. 6 மாதம் ஆனாலும் இன்னொரு பழம் கெடவில்லை. இது எப்படி?

பறித்த பழமும் மூச்சு விடும்!

மரத்தை விட்டுப் பிரிந்தாலும் ஆப்பிளுக்கு உயிர் இருக்கிறது. அது பிராணவாயுவை இழுக்கிறது. கரியமில வாயுவை விடுகிறது. தன்னிடம் உள்ள சர்க்கரையையும் புளிப்பையும் எரித்து வாழ்கிறது. உஷ்ணம் ஏற ஏற மூச்சு வேகமாகும். சேமிப்பு சீக்கிரம் தீரும். பழம் மாவு போல ஆகிவிடும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. பழுக்கும் ஆப்பிள் எத்திலீன் என்ற வாயுவை வெளிவிடுகிறது. அந்த வாயு பட்டால் பக்கத்தில் உள்ள பழமும் பழுக்கும். மாங்காயை அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பார்களே நம் பாட்டிமார்கள், அதன் ரகசியம் இந்த வாயுதான். பழம் விடும் வாயு வெளியே போகாமல் அரிசி தடுக்கிறது. மூடிய லாரியில் அடுக்கிய பெட்டிகளுக்குள் நடந்ததும் இதுவே.

கதவைத் திறக்கக் கூடாது

மூச்சை நிறுத்தினால் பழம் செத்துவிடும். ஆகவே மூச்சைக் குறைக்க வேண்டும். இந்த வழியை 1920-களில் ஆராய்ந்து சொன்னவர்கள் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கிட், வெஸ்ட் என்ற இரு விஞ்ஞானிகள்.

காற்றுப் புகாத பெரிய அறை. உள்ளே பூஜ்யம் டிகிரியை ஒட்டிய குளிர். நாம் சுவாசிக்கும் காற்றில் பிராணவாயு 21 சதவீதம். அந்த அறையில் 2 சதவீதம் அளவே விடுகிறார்கள். பழம் சுருங்காமல் இருக்க ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல். மனிதன் தெரியாமல் உள்ளே போனால் உயிர் தப்ப மாட்டான். சிறு கண்ணாடி ஜன்னல் வழியாகத்தான் பழத்தைப் பார்க்கிறார்கள்.

சாதாரணக் குளிர் அறையில் சில மாதங்கள் தாங்கும் பழம், இங்கே 9, 10 மாதங்கள் கூடத் தாங்கும்.

அறை யாருக்கு?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். காஷ்மீரில் விளைவது ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் டன். புல்வாமா மாவட்டத்தில் லாசிபோரா என்ற இடத்தில் இத்தகைய அறைகள் நிறைய எழுந்துள்ளன. ஆனாலும், காஷ்மீரில் உள்ள அறைகள் அனைத்திலும் சேர்த்து விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்குகூட அடங்காது.

தவிர, அறைக்குள் போகும் பழம் அடிபடாததாக இருக்க வேண்டும். பறித்த சில நாட்களுக்குள் போய்ச் சேர வேண்டும். மூடினால் பல மாதம் திறப்பதில்லை. பணமும் அதுவரை வராது. வாங்கிய கடனுக்கு ஐப்பசியிலேயே பதில் சொல்ல வேண்டிய சிறு விவசாயி என்ன செய்வான்? எல்லோரும் விற்கும் நேரத்தில் வந்த விலைக்கு விற்கிறான். காத்திருக்க வசதி உள்ளவர், பழம் அருகிய நேரத்தில் நல்ல விலைக்கு விற்கிறார். மரம் ஒருவனுடையது, விலை மற்றவருடையது!

மலைப் பகுதியில் இத்தகைய கிடங்கு கட்ட, அனுமதித்த செலவில் பாதி வரை மத்திய சர்க்கார் மானியம் தருகிறது. மீதிப் பாதியைப் போட யாரிடம் பணம் இருக்கிறது? சிறு விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்தால் ஒழிய அது கைகூடாது.

2025 செப்டம்பரில் பட்காமிலிருந்து டெல்லிக்கு ஆப்பிள் ஏற்றிச் செல்ல ரெயில் விட்டார்கள். நல்ல காரியம். ஆனால் ஒரு பார்சல் பெட்டியில் ஏறுவது 23 டன் அளவுதான். 20 லட்சம் டன் எங்கே, 23 டன் எங்கே! ரெயில் ஓடினாலும், சாலை அடைபடும்போது பழம் காத்திருக்கத் தோட்டத்துக்கு அருகில் குளிர்ந்த இடம் வேண்டும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

அறையிலிருந்து வெளியே வந்ததும் பழத்தின் மூச்சு மறுபடி வேகமாகிறது. எனவே தாய்மார்கள் ஆப்பிளை மேஜை மேல் அழகுக்கு அடுக்கி வைக்க வேண்டாம். குளிர்பெட்டி இருந்தால், துளையிட்ட பையில் போட்டு உள்ளே வையுங்கள். அடிபட்ட பழத்தை முதலில் தின்று தீர்த்துவிடுங்கள். கீரையோடும் காரட்டோடும் சேர்த்து வைக்காதீர்கள். கீரை மஞ்சளாகும், காரட் கசக்கும். வாழைக்காய் பழுக்க வேண்டுமா? அதோடு ஒரு ஆப்பிளைச் சேர்த்து மூடி வையுங்கள்.