புத்தளத்தின் காற்றை யார் கவனிப்பது?

2022 டிசம்பர் 9ஆம் திகதி, காற்று மாசின் காரணமாக நாடெங்கும் அரச பாடசாலைகள் மூடப்பட்டன. வங்காள விரிகுடாவில் உருவான மாண்டஸ் சூறாவளியோடு சேர்ந்து இந்தியப் பக்கமிருந்து வந்த மாசுக் காற்று யாழ்ப்பாணம் முதல் கொழும்பு வரை பரவியிருந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவீடுகள் தொலைக்காட்சிச் செய்திகளில் தலைப்பாக வந்தன. முகக்கவசம் அணியுமாறு மக்கள் அறிவுறுத்தப்பட்டார்கள். சில நாட்களில் காற்றின் திசை மாறியதும் அந்தப் பேச்சும் ஓய்ந்துவிட்டது.

கண்ணுக்குத் தெரியும் நாளில் மட்டும் காற்றைப் பற்றிப் பேசுவது நமது வழக்கமாகிவிட்டது. உடலுக்கு அதிகம் தீங்கு செய்வதோ கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்தான். பிஎம் 2.5 என்று சொல்லப்படும் இத்துகள் தலைமுடியின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்கு அளவே இருக்கும். மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் அடிவரை சென்று அங்கிருந்து இரத்தத்திலும் கலக்கிறது. முட்டு, இருமல் மட்டும் இதன் விளைவல்ல. மாரடைப்பு, பாரிசவாதம், நுரையீரல் புற்றுநோய், குறைந்த நிறையுடன் குழந்தை பிறத்தல் ஆகியவற்றுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு மருத்துவ உலகில் நிறுவப்பட்டதொன்று. வீட்டுக்கு உள்ளும் வெளியிலும் உள்ள காற்று மாசினால் உலகில் ஆண்டுதோறும் சுமார் 70 இலட்சம் பேர் உரிய காலத்துக்கு முன்பே மரணிக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

இலங்கையில் 2008இல் திருத்தப்பட்ட தர நிர்ணயத்தின்படி, இந்த நுண்துகளின் வருடாந்தச் சராசரி ஒரு கன மீற்றர் காற்றில் 25 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டலில் அந்த எல்லை 5 மைக்ரோகிராம். அதாவது நமது சட்டம் "பரவாயில்லை" என்று சொல்லும் காற்று, உலக அளவுகோலைவிட ஐந்து மடங்கு மாசுள்ளதாக இருக்க முடியும்.

இந்த மாசு எங்கிருந்து வருகிறது? வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் ஒரு பகுதி எல்லை தாண்டி வருவது உண்மை. ஆனால் வருடம் முழுவதும் நாம் சுவாசிப்பதில் பெரும்பகுதி நமது சொந்த உற்பத்தி. வாகனப் புகை, விறகு அடுப்பு, குப்பை எரித்தல், தொழிற்சாலை, அனல் மின் நிலையம் என்று பட்டியல் நீளும். மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற கண்டி நகரில் வாகனப் புகை வெளியேற வழியின்றித் தேங்குவதைப் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நீண்ட காலமாகச் சுட்டிக்காட்டி வருகிறார்கள்.

இதற்குத் தீர்வே இல்லை என்று சொல்லவும் முடியாது. 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. 2008இல் இரு வீச்சு முச்சக்கர வண்டிகளின் இறக்குமதி தடை செய்யப்பட்டது. அதே ஆண்டு வாகனப் புகைப் பரிசோதனையும் ஆரம்பமானது. குறைகள் எத்தனை இருந்தாலும், அரசு தீர்மானித்தால் காற்றைத் திருத்தலாம் என்பதை இவை காட்டுகின்றன. ஆனால் இந்தத் தீர்மானங்கள் பெரும்பாலும் கொழும்பையும் நகரங்களையும் மனதில் கொண்டு எடுக்கப்பட்டவை. நகரத்துக்கு வெளியே நாட்டுக்காகப் புகையைச் சுமக்கும் ஒரு மாவட்டம் இருக்கிறது. அது புத்தளம்.

கற்பிட்டிக் குடாநாட்டிலுள்ள நுரைச்சோலை லக்விஜய அனல் மின் நிலையத்தின் முதல் அலகு 2011இல் இயங்கத் தொடங்கியது. 2014இல் மூன்று அலகுகளும் பூர்த்தியாகி 900 மெகாவோற் கொள்ளளவை எட்டின. இன்று நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு அங்கிருந்து வருகிறது. வரட்சிக் காலத்தில் அதன் பங்கு இன்னும் கூடும். அதற்காக ஆண்டுக்கு 20 இலட்சம் தொன்னுக்கும் அதிகமான நிலக்கரி கப்பலில் கொண்டு வரப்பட்டு எரிக்கப்படுகிறது.

அங்கே புகைபோக்கி மட்டும் பிரச்சினையல்ல. புகையிலுள்ள சாம்பலைப் பிடிக்கும் கருவிகள் நிலையத்தில் உள்ளன. ஆனால் நிலக்கரி குவிக்கப்பட்டிருப்பதும் எரிந்த சாம்பல் கொட்டப்படுவதும் திறந்த வெளியில். கற்பிட்டியில் வீசும் காற்றோ சாதாரணமானதல்ல. காற்றாடிச் சறுக்கு விளையாட்டுக்காக வெளிநாட்டுப் பயணிகள் தேடி வரும் காற்று அது. தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் கரித்தூளும் சாம்பலும் வீட்டு முற்றத்திலும், காயப்போட்ட உடுப்பிலும், மிளகாய், வெங்காயத் தோட்டங்களிலும் படிவதாக நரக்களி, பனையடி, இலந்தையடிப் பகுதி மக்கள் பல வருடங்களாக முறையிட்டு வருகிறார்கள். காற்றுத் தடுப்பு வேலி அமைக்கப்பட்ட பின்னரும் முறைப்பாடுகள் ஓயவில்லை.

நுரைச்சோலையோடு விடயம் முடியவில்லை. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி மீதொட்டமுல்ல குப்பை மேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பிறகு கொழும்பின் குப்பைக்கு இடம் தேடியவர்களின் விரல் புத்தளம் அறுவக்காட்டை நோக்கி நீண்டது. 2018இன் பிற்பகுதியில் தொடங்கிய "கிளீன் புத்தளம்" சத்தியாக்கிரகத்தில் முஸ்லிம்களும் தமிழர்களும் சிங்களவர்களும் மாதக்கணக்கில் ஒன்றாக அமர்ந்தார்கள். இருந்தும் திட்டம் முன்னெடுக்கப்பட்டது. 2019 ஒக்டோபரில் அந்தக் குப்பை நிரப்புத் தளத்தில் வெடிப்புச் சம்பவமும் நடந்தது. இவற்றோடு சீமெந்துத் தொழிற்சாலையும் அதற்கான சுண்ணாம்புக்கல் அகழ்வும் அதே மாவட்டத்தில்தான்.

இங்கே வாழ்பவர்கள் யார்? மீனவர்கள், தோட்டச் செய்கையாளர்கள், கூலித் தொழிலாளர்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் தஞ்சம் புகுந்த மண்ணும் இதுவே. ஒரு தடவை இடம்பெயர்ந்தவன் புகைக்காக இன்னொரு தடவை எங்கே போவான்? ஆனாலும் இதை ஓர் இனத்துக்கு எதிரான சதியாகச் சித்திரிப்பது பிழை. நுரைச்சோலைத் திட்டத்தை ஆரம்பத்திலிருந்தே கடுமையாக எதிர்த்தவர்களில் கத்தோலிக்கத் திருச்சபையும் மீனவ மக்களும் முன்னணியில் இருந்தார்கள். அதிகார மையங்களில் குரல் குறைந்த மக்கள் வாழும் இடத்துக்கே நாட்டின் புகையும் குப்பையும் போய்ச் சேர்கின்றன என்பதுதான் உண்மையான நோய்.

குரல் பலித்த உதாரணமும் நம்மிடம் உண்டு. திருகோணமலை சம்பூரில் அமையவிருந்த அனல் மின் நிலையம், மக்கள் எதிர்ப்பின் மத்தியிலும் நீதிமன்றத்தில் வழக்கு இருந்த நிலையிலும் 2016இல் கைவிடப்பட்டது. அதே சம்பூரில் 120 மெகாவோற் சூரிய மின் திட்டம் 2025 ஏப்ரலில் ஆரம்பித்து வைக்கப்பட்டது. புதிய நிலக்கரி மின் நிலையங்களை அமைப்பதில்லை என்று 2021இல் சர்வதேச அரங்கில் உறுதியளித்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. புதியது வேண்டாம் என்று தீர்மானித்தவர்கள் பழையதன் அருகில் வாழ்பவர்களைப் பற்றியும் ஏதாவது சொல்ல வேண்டாமா?

நுரைச்சோலையை நாளையே மூடுங்கள் என்று கேட்பது நடைமுறைக்கு உகந்ததல்ல. 2022 மார்ச்சில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டை அனுபவித்த நாடு இது. ஆனால் நாட்டுக்கு வெளிச்சம் தேவை என்பது, அதன் அருகில் வாழும் பிள்ளை சாம்பலைச் சுவாசிக்க வேண்டும் என்பதற்கு நியாயமாகிவிடாது. குறைந்தபட்சம் மூன்று விடயங்களைக் கேட்கும் உரிமை அம்மக்களுக்கு உண்டு. நிலக்கரி, சாம்பல் குவியல்கள் முறையாக மூடப்பட வேண்டும். சுற்றியுள்ள கிராமங்களில் காற்றின் தரம் இடைவிடாது அளக்கப்பட்டு, அந்த அளவீடு தமிழிலும் சிங்களத்திலும் அன்றாடம் வெளியிடப்பட வேண்டும். குடாநாட்டு மக்களின் சுவாச நோய்கள் குறித்து சுகாதார அமைச்சு சுயாதீனமான ஆய்வொன்றை நடத்தி முடிவைப் பகிரங்கப்படுத்த வேண்டும்.

இதற்கு மறியல் போராட்டம் மட்டும்தான் வழி என்றில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் இந்த அளவீடுகளைக் கோரலாம். பொதுவாக 14 வேலை நாட்களுக்குள் தகவல் அதிகாரி தனது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். சுற்றாடலுக்கென்று தனியான நியதிச் சட்டமும் அதிகார சபையும் கொண்டது வடமேல் மாகாணம். பள்ளிவாசல் சம்மேளனங்கள், மீனவர் சங்கங்கள், விவசாய அமைப்புகள், தேவாலயங்கள் ஒன்றாகச் சேர்ந்து அந்த அதிகார சபையின் கதவைத் தொடர்ந்து தட்டினால், கோபத்தில் எழுதும் முகநூல் பதிவுகளைவிட அது பயன் தரும். தேர்தல் காலத்தில் வாக்குக் கேட்டு வருபவர்களிடமும் இந்த மூன்றையும் எழுத்தில் கேட்க வேண்டும்.

அரசிடம் கேட்கும் அதே வேளை நமது வீட்டுக்குள்ளும் பார்க்க வேண்டியிருக்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டின் வீடுகளில் நான்கில் மூன்று பங்கு விறகில் சமைத்தன. எரிவாயுத் தட்டுப்பாடும் விலையேற்றமும் 2022இல் இன்னும் பல குடும்பங்களை விறகுக்குத் திருப்பின. புகைபோக்கி இல்லாத குசினியில் தினமும் மூன்று, நான்கு மணி நேரம் நிற்கும் நமது உம்மாமாரும் அவர்களின் மடியில் இருக்கும் குழந்தைகளும் எந்த நகரத் தெருவையும்விட மோசமான காற்றைச் சுவாசிக்கிறார்கள். நோன்பு காலத்தில் அடுப்பெரியும் நேரம் இன்னும் நீளும். ஒரு புகைபோக்கி, ஒரு மேலதிக ஜன்னல், நன்கு காய்ந்த விறகு ஆகியவை பெரிய செலவில்லாத தீர்வுகள். ஸகாத், ஸதகா நிதிகளில் வீடு கட்டிக் கொடுக்கும் நிறுவனங்கள் தமது வரைபடத்தில் புகைபோக்கியைக் கட்டாயமாக்கலாம்.

மாலையானதும் வீட்டு மூலையில் பொலித்தீனையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்துக் கொளுத்துவது நமது ஊர்களில் இன்னும் சாதாரணக் காட்சிதான். அந்தப் புகையில் டயொக்சின் போன்ற நச்சுகள் இருக்கின்றன. பக்கத்து வீட்டில் முட்டு நோயாளி ஒருவர் இருந்தால் அன்றிரவு அவருக்கு நித்திரை இல்லை. பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளையென்று மத்ரஸாவில் படித்தவர்கள் நாம். அயலவரின் மூச்சில் முள்ளைக் கலப்பது எந்த வகையில் சேரும் என்பதை ஜும்ஆ மிம்பர்களில் கதீப்மார் வருடத்துக்கு இரண்டு தடவையாவது பேசினால் நன்று.

நமது முற்றத்தில் எரியும் குப்பையை அணைத்துவிட்டு நுரைச்சோலையின் சாம்பலைப் பற்றிக் கேள்வி கேட்போம். அப்போது அந்தக் கேள்விக்குக் கனம் கூடும். கொழும்பிலும் கண்டியிலும் கல்முனையிலும் இருப்பவர்களுக்கும் இதில் பங்குண்டு. நமது வீட்டு மின்குமிழில் எரியும் வெளிச்சத்தின் ஒரு பகுதி கற்பிட்டியிலிருந்துதான் வருகிறது. அதற்கான மின் கட்டணத்தை நாம் செலுத்துகிறோம். மீதி விலையை நரக்களியிலும் இலந்தையடியிலும் இருப்பவர்கள் தமது நுரையீரலால் செலுத்திக்கொண்டிருக்கிறார்கள்.