மங்கி குல்லாயும் மைனஸ் 11 டிகிரியும்

எங்கள் வீட்டில் பெரிய செலவு எதுவானாலும் அம்மாவிடம் அனுமதி வாங்க வேண்டும். "உறைந்த ஆற்றில் ஓட்டை வழியாக மீன் பிடிக்க நானும் அப்பாவும் கொரியா போகிறோம்" என்று நான் சொன்னபோது அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏன், தேக்காவுல மீன் தீந்துபோச்சா?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அப்பா 31 ஆண்டுகள் மீன் லாரி ஓட்டியவர். நள்ளிரவுக்குப் பிறகு ஜூரோங் மீன்பிடித் துறைமுகத்தில் சரக்கேற்றி, விடிவதற்குள் சந்தைகளில் இறக்கிவிட்டு வீட்டுக்கு வருவார். நாங்கள் பள்ளிக்குக் கிளம்பும்போது அவர் தூங்கப் போவார். ஓய்வுபெற்ற பிறகும் மீனை விடவில்லை. சனிக்கிழமை இரவானால் பிடோக் ஜெட்டிதான். இரண்டாண்டுகளுக்கு முன்பு நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். சில வாரங்களில் எல்லாம் செய்யலாம் என்றார் மருத்துவர். நான்தான் விடவில்லை. ராத்திரியில் தனியாகக் கடலோரம் போய் உட்கார வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். அப்பா சண்டை போடவில்லை. தூண்டில்களைக் கீழ்மாடியில் இருக்கும் சீன அங்கிளிடம் கொடுத்துவிட்டார். 2024 நவம்பரில் தட்டைப்படகு ஒன்று மோதி ஜெட்டி மூடப்பட்ட செய்தியைப் படித்தபோது, "இனிமே நீ தடுக்க வேண்டிய அவசியம்கூட இல்லம்மா" என்றார். கேலியாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டிசம்பரில் ஒருநாள் கைபேசியை என்னிடம் நீட்டினார். திரையில் ஆயிரக்கணக்கானோர் வெள்ளைத் தரையில் குந்தியிருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னும் ஒரு சிறிய துளை. "இது நிசமா, இல்ல ஏஐயா?"

நிசம்தான். தென்கொரியாவின் காங்வொன் மாநிலத்தில், வடகொரிய எல்லையை ஒட்டி இருக்கிறது ஹுவாச்சொன். முப்பதாயிரம் பேர்கூட வசிக்காத மலை வட்டாரம் அது. 2003ல் குளிர்காலத்தில் ஆள் வரவழைக்க மீன்பிடித் திருவிழா ஒன்றைத் தொடங்கினார்கள். இப்போது பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்துபோன ஆண்டுகள் உண்டு. ஜனவரியில் மூன்று வாரம் போல நடக்கும். பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அது தோதான நேரம் இல்லை. எங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. சீனப் புத்தாண்டுக்கு முன்பு என்பதால் விமானக் கட்டணமும் குறைவு.

இருவருக்கும் சேர்த்து 2,000 வெள்ளிக்கு மேல் போகக்கூடாது என்று முடிவு செய்தேன். பிடிஓ வீட்டுக்குச் சேர்த்துவரும் பணத்தில் கை வைப்பதாயிற்றே. மலிவு விமானத்தில் இரண்டு டிக்கெட் 820 வெள்ளி. சோலில் எளிய விருந்தினர் விடுதியில் நான்கு இரவுக்கு 280. நான் எதிர்பார்க்காத செலவு காப்புறுதி. சாதாரணப் பயணக் காப்புறுதி ஏற்கெனவே இருக்கும் நோயால் வரும் சிக்கலுக்குப் பணம் தராது. அதையும் சேர்த்துக்கொள்ளும் திட்டத்தைத் தேடி வாங்கியதில் இருவருக்கும் 160 ஆனது. இதில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். வெளிநாட்டு மருத்துவமனையில் ஓர் இரவு படுத்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும்.

அதற்கு முன்பே அப்பாவை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவார், பழி என் மேல் விழாது என்று உள்ளூர ஒரு நினைப்பு இருந்தது. அவர் அப்படிச் சொல்லவில்லை. குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும், இதயத்துக்கு வேலை கூடும் என்று விளக்கினார். தலை, காது, கை மூடியிருக்க வேண்டும். பளு தூக்கக்கூடாது, வேகமாக நடக்கக்கூடாது. அரை மணி நேரத்துக்கு ஒருமுறை கதகதப்பான இடத்துக்குப் போய்வர வேண்டும். நாக்கின்கீழ் வைக்கும் மாத்திரை உள்சட்டைப் பையில் இருக்க வேண்டும். "உங்க மகளைவிட நான் கம்மியாத்தான் பயப்படறேன்" என்று அப்பாவிடம் சொல்லிச் சிரித்தார். அவர் தமிழர்.

துணிக்குக் கடைகடையாக அலையவில்லை. முஸ்தபாவுக்குப் போனோம். சையது ஆல்வி சாலையில், வெளியே 32 டிகிரி வெயிலில் வியர்த்து வழிந்தபடி உள்ளே போய் உல்லன் காலுறை தேடுவது ஒரு தனி அனுபவம். உடலை ஒட்டும் உள்ளுடை ஆளுக்கு இரண்டு செட், கையுறை, காலுறை எல்லாம் சேர்த்து 96 வெள்ளி. தடித்த மேலங்கி வாங்கவில்லை. சிங்கப்பூரில் பாதி வீடுகளில் அலமாரியின் மேல்தட்டில் ஒரு குளிர்ச்சட்டை ஆண்டுக்கணக்கில் தூங்குகிறது. அலுவலக நண்பர்களிடம் இரண்டு இரவல் வாங்கினேன். அப்பா மட்டும் ஒன்றில் பிடிவாதமாக இருந்தார். மங்கி குல்லாய். பழுப்பு நிறம், முகம் மட்டும் தெரியும். நான் ஸ்டைலான கம்பளித் தொப்பியைக் காட்டினேன். "டாக்டர் காதை மூடச் சொன்னாரு" என்று வாயை அடைத்துவிட்டார்.

சோலிலிருந்து ஒருநாள் சுற்றுலாப் பேருந்துகள் உண்டு. கைச்செலவைக் குறைக்க நாங்கள் ரயிலில் சுன்சொன் வரை போய், அங்கிருந்து உள்ளூர்ப் பேருந்தில் ஹுவாச்சொன் போனோம். விடியற்காலை கிளம்ப வேண்டும் என்பதைத் தவிர வேறு சிரமம் இல்லை.

பேருந்தை விட்டு இறங்கியதும் மூக்குக்குள் ஏதோ ஒட்டிக்கொண்டது போலிருந்தது. மூக்கிலிருந்த ஈரம் உறைகிறது என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. மைனஸ் 11 டிகிரி. கைபேசியின் மின்கலம் பத்தே நிமிடத்தில் 70 விழுக்காட்டிலிருந்து 30க்கு இறங்கியது. அப்பாவோ ஆற்றின் கரையில் அசையாமல் நின்றார். வாழ்நாள் முழுக்க நொறுக்கிய ஐஸை மண்வாரியால் அள்ளி மீன்மேல் கொட்டியவர் அவர். ஐஸ் தானாக உண்டாகி அவர் பார்த்ததில்லை.

"அடியில தண்ணி ஓடுதாமே. ஏன் முழுசா உறையல?"

பள்ளியில் படித்தது கைகொடுத்தது. தண்ணீர் நான்கு டிகிரியில்தான் மிக அடர்த்தி. அதற்குக் கீழே குளிரக் குளிர லேசாகி மேலே வந்துவிடும். மேற்பரப்புதான் முதலில் உறையும். அந்த ஐஸ் மூடிபோல் நின்று அடியிலுள்ள நீரைக் காக்கும். மீன்கள் அங்கே உயிரோடு இருக்கும். (நம் ஊர்களுக்கும் இப்படி உறைந்த நீர்நிலைக்கும் பழைய உறவு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ஏரிகளில் வெட்டிய ஐஸ் கப்பலேறி மெட்ராசுக்கு வந்தது. கடற்கரையில் 1842ல் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். சிங்கப்பூரிலும் 1854ல் வாம்போவா என்ற சீன வணிகர் ஆற்றோரம் ஐஸ் கிடங்கு வைத்து அமெரிக்க ஐஸ் விற்றுப் பார்த்தார். வியாபாரம் ஓடவில்லை.)

நாங்கள் போனபோது நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 15,000 வொன், ஏறக்குறைய 15 வெள்ளி. அதில் ஒரு பங்கை உள்ளூர்க் கடைகளில் செலவழிக்கும் கூப்பனாகத் திருப்பித் தருகிறார்கள். ஐஸ் தடிமனை நாள்தோறும் அளந்த பிறகே ஆட்களை இறக்குகிறார்கள். துளைகளும் முன்பே போட்டிருக்கின்றன. முழங்கை நீளத்துக்கு ஒரு குட்டித் தூண்டில், நுனியில் மீன்போல மின்னும் தூண்டிலிரை. கரையோரக் கடையில் அது மலிவு விலைக்கே கிடைக்கிறது. உட்கார நாற்காலி வாங்க வேண்டாம். அட்டைப் பெட்டியை மடித்துப் போட்டால் போதும். பிடிக்கும் மீனின் பெயர் சான்சொனோ. மலை ஓடைகளில் வாழும் சால்மன் வகை. ஒருவர் மூன்று மீன்தான் கொண்டுபோகலாம்.

அப்பா ஜெட்டியில் உட்காருவது போலவே உட்கார்ந்தார். தூண்டிலை இறக்கிவிட்டு அசையாமல் இருந்தார். அவருக்குத் தெரிந்த மீன்பிடிப்பு என்பது காத்திருப்பது. இருபது நிமிடம் போயிற்று. நான் ஒரு கண் துளையிலும் ஒரு கண் அவர் முகத்திலுமாக இருந்தேன். உதடு நீலமாகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று பார்த்தபடி இருந்தேன். "என்னையே பாக்காத. மீன் எம் மூஞ்சியிலயா இருக்கு?" என்றார்.

அரை மணி ஆனதும் கூடாரத்துக்குள் அழைத்துப் போனேன். சூடான சூப் குடித்தோம். திரும்பி வந்தால் பக்கத்துத் துளையில் ஒரு கொரியப் பாட்டி. எங்கள் துளைக்குள் எட்டிப் பார்த்தார், அப்பாவின் கையைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். எழுந்து வந்து அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துச் சடக்கென்று மேலே இழுத்தார், மெல்ல இறக்கினார். மறுபடி சடக். இரையில் உயிர் இல்லை, நாம்தான் அதற்கு உயிர் கொடுக்க வேண்டும் என்பது பாடம். பிறகு அப்பாவின் மங்கி குல்லாயைத் தொட்டுப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். அப்பா என் பக்கம் திரும்பிய பார்வையை நான் மறக்க மாட்டேன்.

சடக், இறக்கு. சடக், இறக்கு. ஒரு கட்டத்தில் அப்பா குப்புறப் படுத்துத் துளைக்குள் கண்ணை வைத்துவிட்டார். நான் பதறி ஓடினேன். "பேசாத! வருது!" என்று அதட்டினார். சிறுவயதில் என்னை அதட்டிய அதே குரல். அதற்குப் பிறகு இரண்டாண்டுகளாக நான் கேட்காத குரல்.

மீன் வந்தது. முன்னங்கை நீளம், பக்கவாட்டில் கரும்பட்டைகள். அப்பா அதைத் தூக்கிப் பிடித்துக் கத்திய கத்தலில் பாட்டியும் சேர்ந்து கத்தினார். எனக்குக் கடைசிவரை ஒன்றும் மாட்டவில்லை.

ஒன்றைச் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. இவை அந்த ஆற்றில் தானாகப் பிறந்த மீன்கள் அல்ல. பண்ணையில் வளர்த்து, விழாவுக்காகக் கொண்டுவந்து விடுகிறார்கள். விளையாட்டுக்காக இத்தனை உயிரா என்று கொரிய விலங்குநல அமைப்புகள் கேட்டுவருகின்றன. கூட்டத்தில் மீனை வாயால் கவ்விப் படம் எடுத்தவர்களைப் பார்த்தபோது எனக்கும் முகம் சுளித்தது. பிடித்ததை அங்கேயே சுட்டுத் தரும் இடத்துக்குக் கொண்டுபோய் முள்வரை சாப்பிட்டோம் என்பது மட்டுமே என் சமாதானம். அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். அம்மா அரைத்த மிளகுத்தூள். மாத்திரை இருக்க வேண்டிய பையில் மிளகுத்தூள்! மாத்திரையும் இருந்தது, அதற்கு அடியில்.

இன்னொன்று, போக நினைப்பவர்களுக்கு. குளிர் போதாத ஆண்டில் ஆறு சரியாக உறையாது. 2020ல் அப்படித்தான் விழா தள்ளிப்போய்ப் பாடாய்ப் பட்டது. தேதி உறுதியாகும்வரை பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட்டை வாங்காதீர்கள்.

ரயில், பேருந்து 120, சாப்பாடு 200, விழாக் கட்டணம் 30. மொத்தக் கணக்கு 1,706 வெள்ளி. தூண்டிலும் சூப்பும் சில்லறையில் போனவை. அம்மாவிடம் கணக்குக் காட்டினேன். "ஒரு மீன் ஆயிரத்து எழுநூறு வெள்ளியா?" என்றார்.

ஊர் திரும்பிய வாரம் கீழ்மாடி அங்கிள் வீட்டுக்கு நானே போய்த் தூண்டில்களைக் கேட்டு வாங்கி வந்தேன். சென்ற சனிக்கிழமை மாலை சாங்கி கடற்கரைக்கு அப்பாவும் நானும் போனோம். அப்பா தூண்டிலை வீசிவிட்டுக் காத்திருந்தார். நான் மடக்கு நாற்காலியில் அலுவலக மின்னஞ்சல் பார்த்தேன். ஒன்பது மணிக்கு "நீ கெளம்பு, நான் கடைசி பஸ்ல வரேன்" என்றார். நான் கிளம்பினேன். பேருந்து நிறுத்தத்திலிருந்து இருமுறை திரும்பிப் பார்த்தேன்.

பதினொன்றரைக்குக் கதவு திறந்தது. வாளி காலி. அடுப்பில் தேக்கா வஞ்சிரம் கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா காலையிலேயே வாங்கி வைத்திருந்தார்.