பல்லியின் மேல் பழி போடாதீர்கள்

நம் ஊரில் பல்லிக்கு ஏற்கெனவே வேலை அதிகம். கத்தினால் சகுனம், தலையில் விழுந்தால் பலன், எந்தத் திசையில் கத்தியது என்பதற்குப் பஞ்சாங்கத்தில் தனி அட்டவணை. போதாக்குறைக்கு இப்போது கார்ப்பரேட் பயிற்சியாளர்களும் சுயமுன்னேற்ற யூடியூபர்களும் அதை நம் மண்டைக்குள்ளேயே குடிவைத்துவிட்டார்கள். ஸ்லைடில் மூன்று அடுக்கு இருக்கும். அடியில் பல்லி மூளை: பசி, காமம், சண்டை. நடுவில் பாலூட்டி மூளை: பாசம், உணர்ச்சி. உச்சியில் மனித மூளை: பகுத்தறிவு. "கோபம் வந்தா, உங்க பல்லி மூளை ஸ்டியரிங்கைப் பிடிச்சிருச்சுன்னு அர்த்தம்." அரங்கமே தலையாட்டும். நான் வேலை பார்த்த கம்பெனிகளில் இந்த ஸ்லைடைப் பலமுறை பார்த்தாயிற்று.

அது தவறு. அதைவிட முக்கியம், அது சௌகரியமான தவறு.

இந்த மூன்றடுக்குக் கதையை 1960களில் கட்டியவர் அமெரிக்க நரம்பியலாளர் பால் மெக்லீன். 1977-இல் கார்ல் சேகன் எழுதிய 'தி டிராகன்ஸ் ஆஃப் ஈடன்' அதை உலகெங்கும் கொண்டுபோனது. பழைய வீட்டின் மேல் மாடி எடுப்பதுபோல, பரிணாமம் பழைய மூளையின் மேல் புதிய மூளையை ஏற்றியது என்பதுதான் கதை.

சாஃப்ட்வேர்க்காரன் பாஷையில் சொல்கிறேன். பல்லி நம்முடைய பழைய வெர்ஷன் கிடையாது. ஒரே கோட்பேஸிலிருந்து 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்துபோன இன்னொரு கிளை. அந்தக் கிளையிலும் இன்றுவரை மாற்றங்கள் நடந்துகொண்டேதான் இருக்கின்றன. மீன், தவளை, பல்லி, காகம், எலி, மனிதன் என்று முதுகெலும்புள்ள எதை எடுத்தாலும், கருவில் மூளை முன், நடு, பின் என மூன்று புடைப்புகளாகத்தான் தொடங்குகிறது. முன்மூளை இல்லாத பல்லி கிடையாது. பகுதிகளின் அளவு மாறும், இணைப்புகள் மாறும், அடிப்படை வரைபடம் ஒன்றுதான்.

மெக்லீன் 'ஊர்வன மூளை' என்று ஒதுக்கியதில் பெரும்பகுதி பேசல் கேங்லியா. லாம்ப்ரே என்றொரு தாடையில்லாத மீன் உண்டு. நம் வம்சத்திலிருந்து சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தது. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ஸ்டென் கிரில்னரின் குழு அதன் மூளையைத் துருவிப் பார்த்தபோது, பேசல் கேங்லியாவின் முக்கிய உறுப்புகள் எல்லாம் அங்கேயே இருந்தன. ஊர்வன என்று ஒரு இனம் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்ட பகுதிக்கு ஊர்வனவற்றின் பெயர்!

பறவைகளுக்கும் இதே அநியாயம் நடந்தது. லுட்விக் எடிங்கர் என்ற ஜெர்மன் உடற்கூறியலாளரின் வழியில், பறவையின் முன்மூளை முழுக்க 'கீழ்மட்டச் சமாச்சாரம்' என்று சொல்லும் பெயர்கள் பாடப்புத்தகங்களில் நிலைத்தன. சுமார் நூறு ஆண்டுகள் கழித்து, 2004-இல்தான் அந்தப் பெயர்களை அதிகாரபூர்வமாக மாற்றினார்கள். வேரியபிளுக்குத் தப்பான பெயர் வைத்தால் அடுத்து வருகிறவன் எல்லாம் தப்பாகவே படிப்பான். 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று, காக இனங்களின், கிளிகளின் சின்ன மண்டைக்குள் குரங்குகளுக்கு நிகரான எண்ணிக்கையில் முன்மூளை நியூரான்கள் நெருக்கியடித்து இருப்பதைக் காட்டியது.

சரி, பாசம்? அது பாலூட்டிகளோடு வந்தது என்றார் மெக்லீன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் போனவர்கள் நம்மில் நிறையப் பேர். கூட்டுக்குள்ளிருந்து குஞ்சுகள் குரல் கொடுத்ததும் தாய் முதலை வந்து மண்ணைத் தோண்டும். குஞ்சுகளை வாயில் கவ்வித் தண்ணீரில் கொண்டுபோய் விடும். எலும்பை நொறுக்கும் அதே தாடை. அங்கே ஆண் முதலைகளும் குஞ்சுகளைச் சுமந்ததை ஆய்வாளர்கள் 1986-இல் பதிவு செய்திருக்கிறார்கள். நம் வீட்டு அப்பாக்களில் எத்தனை பேர் குழந்தையைக் குளிப்பாட்டியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

"உருவகம்தானே பாஸ், விடுங்க" என்பார்கள். விட முடியாது. யாரை மன்னிப்பது, யாரைக் குற்றம் சொல்வது என்பதை இந்த உருவகம்தான் முடிவு செய்கிறது. ஒரு ரிலீஸ் இரவில் ஒரு மேனேஜர், ஜூனியர் பெண் ஒருவரை எல்லார் முன்னாலும் கத்தினார். மறுநாள் ஹெச்.ஆர். விளக்கம்: "அமிக்டலா ஹைஜாக். அவரும் மனுஷன்தானே." அழுத பெண்ணுக்குக் கிடைத்தது: "இவ்ளோ எமோஷனலா இருக்காதீங்க." அமிக்டலா இருவருக்கும்தான் இருக்கிறது. சொல்லப்போனால் பல்லிக்கும் இருக்கிறது. விஷயம் என்னவென்றால், அந்த மேனேஜரின் பல்லி டைரக்டர் முன்னால் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. பதவி வரிசை தெரிந்த பல்லி.

அலுவலகத்தோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. ஆணவக் கொலை நடந்த மறுநாள் தலைப்புகளைப் பாருங்கள்: மிருகத்தனம், காட்டுமிராண்டித்தனம், வெறி. பெண்ணைச் சமாதானம் பேசி வீட்டுக்கு வரவழைப்பது, வண்டி ஏற்பாடு செய்வது, சாட்சிக்கு என்ன சொல்வது என்று உறவுக்காரர்கள் உட்கார்ந்து பேசுவது, இதெல்லாம் எந்த மிருகத்தின் வேலை? திட்டமிடல், மொழி, நாளையைக் கற்பனை செய்தல் என்று அந்த ஸ்லைடின் உச்சியில் பெருமையாக எழுதியிருக்கும் அத்தனை திறமையும் அங்கே வேலை செய்திருக்கிறது. அதற்கு வெறி என்று பெயர் வைப்பது கொலைகாரனுக்குத் தரும் முதல் சலுகை. சாதி என்ற ஒன்றைக் கற்பனை செய்யவே எவ்வளவு பெரிய மூளை வேண்டும்!

யோசித்துச் செய்தவனை யோசித்துச் செய்தான் என்றே எழுதுங்கள். பல்லி பாவம், அது சுவரில் பூச்சி பிடித்துக்கொண்டிருக்கிறது.