மூன்று மணி நேர வேலை... கணக்கில் பூஜ்யம்!

2022-ல் மாமல்லபுரம் பக்கம் பூஞ்சேரியில் நடந்த 44-வது செஸ் ஒலிம்பியாடைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். காயை நகர்த்தினால் மட்டும் போதாது, பக்கத்தில் இருக்கும் கடிகாரத்தையும் தட்ட வேண்டும். மறந்தால், கரைவது நம் நேரம்தான்.

மணிக்கணக்கில் சம்பளம் வாங்கும் ஃப்ரீலான்சர்களுக்கும் இதே கதைதான். அவர்களில் சிலர் பயன்படுத்துவது 'ஆர்க் மோட்'. ஈமேக்ஸ் எடிட்டருக்குள் இயங்கும் இலவசக் குறிப்பேடு இது. ஆம்ஸ்டர்டாமில் பணிபுரிந்த வானியலாளர் கார்ஸ்டன் டொமினிக் 2003-ல் உருவாக்கியது. வேலைப் பட்டியல், நேரக் கணக்கு எல்லாமே இதில் வெறும் எழுத்துகள்தான். வேலையைத் தொடங்கும்போது 'க்ளாக்' என்று ஒரு வரி விழும். முடிக்கும்போது அதே வரியில் முடிந்த நேரமும் மொத்தமும் சேரும்.

சிக்கல் எங்கே வருகிறது?

மூடாத வரி: காலை 9 மணிக்கு வேலை தொடங்குகிறது. 12 மணிக்குக் கரன்ட் போய், பேட்டரியும் தீர்ந்து லேப்டாப் அணைந்துவிடுகிறது. அந்த வரிக்கு முடிவு நேரம் இல்லை. முடிவு இல்லாத வரியை மொத்த அட்டவணை கூட்டாது. உழைத்த 3 மணி நேரம் பில்லில் வராது.

இரவு 8 மணிக்கு லேப்டாப்பைத் திறந்து அடுத்த வேலையைத் தொடங்கும்போது, 'பழைய கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது, என்ன செய்ய?' என்று ஆர்க் மோட் கேட்கும். அவசரத்தில் முழு நேரத்தையும் ஒப்புக்கொண்டால் 3 மணி நேரம் 11 ஆகிவிடும். வாடிக்கையாளர் கண்டுபிடித்தால் நம்பிக்கை போச்சு! ஷிஃப்ட்டுடன் 'கே' அழுத்தி, 180 நிமிடம் என்று கொடுத்தால் சரியான நேரத்தோடு வரி மூடப்படும்.

மாறாத மொத்தம்: முடிவு நேரத்தைக் கையால் திருத்தினால், வரியின் கடைசியில் உள்ள மொத்தம் தானாக மாறாது. அந்த வரியில் கர்சரை வைத்து, கன்ட்ரோல்-சி இரண்டு முறை அழுத்த வேண்டும். மொத்த அட்டவணையின் முதல் வரியிலும் அப்படியே. இல்லாவிட்டால் பழைய கணக்கே நிற்கும்.

'1 டி' குழப்பம்: 26 மணி நேரத்தை ஆர்க் மோட் '1 டி 2:00' என்று காட்டும். அந்த 'டி' 24 மணி நேர நாள். அதை 8 மணி நேர வேலை நாள் என்று நினைத்துக்கொண்டால், 26-க்குப் பதில் 10 மணி நேரத்துக்குத்தான் பில் போவீர்கள். 16 மணி நேரக் கூலி காலி! கால அளவைக் காட்டும் அமைப்பை 'மணி:நிமிடம்' என்று மாற்றிவிட்டால் 26:00 என்றே வரும்.

இதில் ஒரு வசதியும் உண்டு. எல்லாமே எழுத்து என்பதால், தவறும் கண்ணில் படும். பில் அனுப்பும் முன் 'க்ளாக்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடி, ஒவ்வொரு வரிக்கும் முடிவு நேரம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான், மிச்சமாவது உங்கள் உழைப்பு!