கம்பத்தில் கம்பம் இல்லாத வீடு

எங்கள் ஊர் கம்பம். ஊர்ப் பெயரிலேயே கம்பம் இருந்தும், எங்கள் தோப்பு வீட்டுக்கு மின்கம்பம் வந்து சேரவில்லை. ரோட்டிலிருந்து அவ்வளவு தூரத்துக்குக் கம்பம் நட என்ன செலவாகும் என்று கேட்டுவிட்டு, அப்பா நேராகச் சூரியனிடமே கனெக்‌ஷன் வாங்கிக்கொண்டார். கூரையில் மூன்று பேனல், திண்ணையில் 12 வோல்ட் பேட்டரி இரண்டு, ஒரு இன்வெர்ட்டர். பில் கிடையாது.

ஐந்து வருஷம் சமர்த்தாக ஓடியது. போன மாதம் ஒரு ராத்திரி 11 மணிக்கு அப்பாவிடமிருந்து போன்.

"ஏண்டா, நீ இஞ்சினியருக்குப் படிச்சேல்ல? ஃபிரிட்ஜ் ஸ்டார்ட் ஆகுறப்பல்லாம் இந்த இன்வெர்ட்டர் கீகீன்னு கத்திட்டுப் படுத்துக்கிருது."

நான் படித்தது கம்ப்யூட்டர் சயன்ஸ். எனக்குத் தெரிந்த ஒரே ரிப்பேர், அணைத்துவிட்டு மறுபடி போடுவது. அதைச் சொன்னேன்.

"அதைத்தான் மூணு வாரமாச் செய்யிறேன்."

மூன்று வாரம்! அந்த ஃபிரிட்ஜில்தான் அம்மாவின் இன்சுலின் இருக்கிறது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். அம்மாவைக் கூப்பிடச் சொன்னேன். "நான் நல்லாத்தான் இருக்கேன். மருந்தை மண்பானைக்குப் பக்கத்துல வச்சிருக்கேன். நீ சாப்பிட்டியா?"

வெள்ளிக்கிழமை ராத்திரியே பஸ் ஏறிவிட்டேன்.

நான் போவதற்குள் உள்ளூர் நிபுணர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "ஐயா, பேட்டரி செத்துப்போச்சு. ரெண்டையும் மாத்தணும். 30,000 ஆகும்" என்று இரங்கல் தெரிவித்திருந்தார். அப்பாவுக்கு வேறொரு சந்தேகம். பேனல் மேல் தென்னை ஓலை நிழல் விழுகிறதாம். நிழல் விழுந்தால் உற்பத்தி குறையும், உண்மைதான். ஆனால் விடியற்காலையில், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அளந்தால் பேட்டரி 12.6 வோல்ட் காட்டியது. நன்றாகவே சார்ஜ் ஏறியிருக்கிறது. ஆக, ஓலை நிரபராதி.

அப்படியானால் பேட்டரியும் நிரபராதியா? அங்கேதான் சூட்சுமம். சும்மா இருக்கும்போது நோஞ்சான் பேட்டரிகூட 12.6 காட்டும். பாரம் ஏற்றினால்தான் குட்டு வெளிப்படும். கோழிப்பண்ணைக்காரரிடம் 200 வாட் குண்டு பல்பு இரண்டு கடன் வாங்கி எரியவிட்டேன். கிட்டத்தட்ட 38 ஆம்பியர் இழுக்கும். இப்போது பேட்டரியின் முனைகளில் மீட்டரை வைத்தால் 12.3. அதே நேரத்தில் இன்வெர்ட்டரின் முனைகளில் 11.0.

பேட்டரியிலிருந்து கிளம்பிய 1.3 வோல்ட் வழியிலேயே காணாமல் போயிருக்கிறது! முனையிலேயே வோல்டேஜ் படுத்திருந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். இங்கே முனையில் நன்றாக இருக்கிறது, போய்ச் சேரும் இடத்தில் இல்லை. அப்படியானால் திருடன் நடுவழியில் இருக்கிறான். மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரியின் நெகடிவ் முனையிலும், இன்னொன்றை அதன் மேல் முறுக்கியிருந்த கேபிள் லக்கிலும் வைத்தேன். இரண்டுக்கும் நடுவே இடைவெளியே இல்லை, பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டியது 1.1 வோல்ட்.

குனிந்து பார்த்தால், லக்குக்கு அடியில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. கிட்டே கையைக் கொண்டுபோனாலே சூடு. 1.1 வோல்ட்டை 38 ஆம்பியரால் பெருக்குங்கள்: சுமார் 42 வாட். ஒரு சோல்டரிங் அயர்னைத் திண்ணையில் செருகி வைத்துக்கொண்டு, அதன் பக்கத்திலேயே அப்பா கயிற்றுக் கட்டிலில் படுத்துத் தூங்கியிருக்கிறார்!

சரி, ஃபிரிட்ஜ் ஓடும்போது சும்மா இருந்துவிட்டு, கிளம்பும்போது மட்டும் ஏன் தகராறு? ஓடும்போது அது இழுப்பது 10 ஆம்பியர். அந்த முனையில் 0.3 வோல்ட்தான் போகும், யாருக்கும் தெரியாது. கிளம்பும் கணத்தில் 70 ஆம்பியர். 2 வோல்ட் போய்விடும். கேபிளும் கொஞ்சம் சாப்பிடும். 10.5-க்குக் கீழே இறங்கினால் இன்வெர்ட்டர், 'பேட்டரி காலி' என்று முடிவுகட்டிக் கதவைச் சாத்திவிடும். ஓம் விதி, சார். பரீட்சை முடிந்ததும் மறந்துபோனோமே, அதேதான்.

வைத்தியம் எளிது, வரிசைதான் முக்கியம். கையிலிருந்த மோதிரத்தைக் கழற்றினேன். முதலில் இன்வெர்ட்டரை அணைத்து, பேனல் வயரைத் துண்டித்து, அதற்கப்புறம்தான் பேட்டரியில் கை. அதிலும் முதலில் நெகடிவ். வெந்நீரில் சமையல் சோடா கரைத்து, பேட்டரிக்குள் ஒரு சொட்டும் இறங்காமல் கழுவி, கம்பி பிரஷால் தேய்த்து, துடைத்து, இறுக முறுக்கி, மேலே வாசலின். மறுபடி பல்பைப் போட்டு அளந்தால் அதே இடத்தில் 0.02 வோல்ட். ஃபிரிட்ஜ் ஒரு செருமல் செருமிவிட்டு ஓட ஆரம்பித்தது.

30,000 ரூபாய் வேலை, சோடாவில் முடிந்தது. அப்பா அன்று மாலை டீக்கடையில் எல்லோரிடமும் சொன்னார்: "பேட்டரி நல்லா இருக்குன்னு நான் அப்பவே சொன்னேன்."

அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போய், புது மருந்து வாங்கி ஃபிரிட்ஜில் வைத்தோம். சுகர் 310. போனில் "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொன்ன அதே அம்மாவுக்கு!

சும்மா இருக்கும்போது கேட்டால் அம்மாவும் 12.6-தான் காட்டுவாள். அதனால் இப்போதெல்லாம் போனில் விசாரிப்பதோடு நிறுத்துவதில்லை. மாதம் ஒரு தடவை பஸ் ஏறிவிடுகிறேன். பையில் மீட்டர் இருக்கிறது. சுகர் பார்க்கிற மீட்டரும்தான்.