மருந்துக்கடை கவுன்டரில் நிற்பவருக்கு ஏன் 'ரெசிடென்சி' வேண்டும்?

"தம்பி, மேலுவலி தாங்கல. ரெண்டு வேளைக்கு மாத்திரை குடுப்பா."

உசிலம்பட்டியில் மதுரை - தேனி சாலையை ஒட்டிய எந்த மெடிக்கலிலும் அரைமணி நேரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும். எழுமலையிலிருந்தோ சேடபட்டியிலிருந்தோ வருபவருக்கு டாக்டரைப் பார்ப்பது என்றால் பஸ் செலவு, ஃபீஸ், ஒருநாள் கூலி எல்லாம் போகும். மெடிக்கலில் கொஞ்சக் காசில், ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அதனால் இந்த ஊர்களில் பலருக்கு முதல் 'டாக்டர்' கவுன்டருக்குப் பின்னால் நிற்பவர்தான். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நடப்பு அப்படி.

அந்த இடத்தில் நிற்பவருக்கு எவ்வளவு பயிற்சி கிடைத்திருக்கிறது என்பதுதான் இங்கே கேள்வி.

500 மணி நேரம்

1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டப்படி, டாக்டர் எழுதிய சீட்டுக்கு மருந்து கொடுக்க வேண்டியவர் பதிவுபெற்ற மருந்தாளுநர். பதிவு செய்யக் குறைந்தபட்சத் தகுதி டி.பார்ம். இரண்டு வருடப் படிப்பு, பிறகு மூன்று மாதத்துக்குக் குறையாமல் 500 மணி நேரப் பயிற்சி. தினம் எட்டு மணி நேரம் என்று கணக்குப் போட்டால் 63 நாள். அந்த 63 நாளும் உண்மையிலேயே நடந்ததா, யாரிடம் என்ன கற்றார் என்பதெல்லாம் கையெழுத்துப் போடுபவரின் மனசாட்சியைப் பொறுத்தது. 2022-ல் டி.பார்ம் முடித்தவர்களுக்கு எக்ஸிட் தேர்வு விதிகள் வந்தன. நல்ல விஷயம்தான். ஆனால் எதிரில் நிற்கும் அப்பத்தாவிடம் பேசத் தெரியுமா என்பதை எழுத்துத் தேர்வில் அளக்க முடியாது.

சரி, பெரிய படிப்பு படித்தவர்கள்? 2008-ல் வந்த ஃபார்ம்.டி ஆறு வருடப் படிப்பு. கடைசி ஒரு வருடம் முழுக்கப் பயிற்சி. விதியிலேயே அதற்கு 'இன்டர்ன்ஷிப் அல்லது ரெசிடென்சி' என்றுதான் பெயர். அதில் ஆறு மாதம் பொது மருத்துவம், மீதி ஆறு மாதம் வேறு மூன்று துறைகளில் இரண்டிரண்டு மாதம். எல்லாமே ஆஸ்பத்திரி வார்டு. அந்த ஒரு வருடத்தில் மருந்துக்கடைக்கு ஒரு வாரம்கூட ஒதுக்கவில்லை. நாட்டில் ரெசிடென்சி என்ற வார்த்தை இருக்கிறது, அது கவுன்டர் வரைக்கும் வந்து சேரவில்லை.

வார்டு வேறு, கவுன்டர் வேறு

வார்டில் கேஸ் ஷீட் இருக்கும். லேப் ரிப்போர்ட் இருக்கும். சந்தேகம் என்றால் பக்கத்திலேயே டாக்டர். கவுன்டருக்கு வருபவர் கையில் பாதி கிழிந்த அட்டையும் "அந்த மஞ்ச மாத்திரைப்பா" என்ற ஒரு வரியும் மட்டும்தான் இருக்கும்.

ஒரு உதாரணம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் ஒரு அம்மாவுக்கு சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் கால் எரிச்சல் என்று தனியார் கிளினிக் போகிறார். அவர்கள் எழுதித் தரும் பிராண்டிலும் அதே மருந்துதான். ஆனால் பெயர் வேறு, அட்டை வேறு, கலர் வேறு. அவர் இரண்டையும் போடுகிறார். கிளிமெபிரைடு போன்ற மருந்து இப்படி இரட்டிப்பானால் சர்க்கரை தடாலென்று இறங்கி, வேர்த்துக் கொட்டி, மயங்கி விழலாம். வீட்டில் 'சுகர் கூடிப்போச்சு போல' என்று நினைத்து இன்னொரு மாத்திரை கொடுத்தால் கதை முடிந்தது.

இதைத் தடுக்க ஸ்கேன் மெஷின் தேவையில்லை. "வீட்ல வேற சுகர் மாத்திரை இருக்காம்மா? அடுத்த தடவை எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க" என்று கேட்டால் போதும். வெளிநாடுகளில் இதற்கு 'பிரவுன் பேக்' ஆய்வு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இங்கே ஒரு மஞ்சப்பை போதும்.

மூட்டுவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டிய மருந்து. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. சீட்டைக் கொடுத்தவருக்கு அது புரிந்ததா என்று திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்பதும் ஒரு திறமை. மேலுவலிக்கு மாத்திரை கேட்பவரிடம் "பிபி இருக்கா, கிட்னில எதுவும் பிரச்சினை இருக்கா" என்று கேட்டு, தேவைப்பட்டால் "இதுக்கு ஆஸ்பத்திரி போயிருங்கண்ணே" என்று அனுப்புவதும் அப்படித்தான். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. 2015-ன் மருந்தாளுநர் நடைமுறை விதிகளிலும் இருக்கிறது: மருந்தை எப்படிச் சாப்பிடுவது, பக்கவிளைவு என்ன, எங்கே வைப்பது, ஒருவேளை மறந்துவிட்டால் என்ன செய்வது, எல்லாம் சொல்ல வேண்டும். க்யூவில் பத்துப் பேர் நிற்கும்போது அதைச் செய்து பழக ஓர் இடம் தேவை. ரெசிடென்சி என்பது அந்த இடம்தான்: பட்டம் வாங்கியபின், அனுபவசாலி ஒருவரின் மேற்பார்வையில், சம்பளத்தோடு ஒரு வருடம்.

2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்த இருமல் மருந்து விவகாரம் நினைவிருக்கும். அந்த சிரப்பில் கலந்திருந்த நச்சை எந்த மருந்தாளுநராலும் கவுன்டரில் நின்று கண்டுபிடித்திருக்க முடியாது, அது ஆலையிலும் ஆய்வகத்திலும் பிடிபட வேண்டியது. அதைக் காட்டி இந்த வாதத்தை ஜெயிப்பது நியாயமில்லை. ஆனால் குளோர்பெனிரமைன் - ஃபினைலெஃப்ரின் கலவையை நான்கு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் போடச் சொல்லி 2023 டிசம்பரிலேயே உத்தரவு வந்துவிட்டது. "குழந்தைக்கு என்ன வயசு?" என்று கேட்பது கவுன்டர் வேலைதான்.

அங்கே எப்படி?

அமெரிக்காவில் மருந்துக்கடைகளுக்கான ஒரு வருட ரெசிடென்சி 1980-களிலேயே தொடங்கிவிட்டது. கட்டாயமில்லை, விரும்புபவர்கள் சேரலாம். பிரிட்டனில் பட்டம் முடித்தவர்கள் பதிவு பெறும் முன் 52 வாரப் பயிற்சி முடிக்க வேண்டும். பலர் அதை மருந்துக்கடையிலேயே முடிக்கிறார்கள். 2024 ஜனவரி 31 முதல் இங்கிலாந்தில் தொண்டை வலி, காது வலி, பெண்களுக்கான சிறுநீர்த் தொற்று உள்ளிட்ட ஏழு பிரச்சினைகளுக்கு மருந்தாளுநரே பார்த்து மருந்து தரலாம். அந்த ஆலோசனைக்குக் கடைக்கு அரசு தனியாகக் காசு கொடுக்கிறது. அதிகாரத்துக்கு முன்னால் பயிற்சி வந்தது என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

இடையில் நிற்பது காசு

தமிழ்நாட்டில் பெரிய முட்டுக்கட்டை பாடத்திட்டம் அல்ல. சுவரில் ஒருவர் சர்டிபிகேட் தொங்கும், கவுன்டரில் வேறொருவர் நிற்பார். 'சர்டிபிகேட் வாடகை' என்று ஊரறிந்த பழக்கம். படித்தவரை நிறுத்திச் சம்பளம் கொடுப்பதைவிட அது மலிவு.

இன்னொன்று, வெளியே அதிகம் பேசப்படாதது. விலைக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகளுக்கு 2013 ஆணைப்படி சில்லறைக் கடைக்கான லாபம் 16 சதவீதம். மாத்திரை விற்றால்தான் அந்த 16. கேள்வி கேட்டு, இரட்டிப்பாக வந்த மாத்திரையைத் தராமல் திருப்பி அனுப்பினால் கடைக்கு வருமானம் பூஜ்ஜியம். நன்றாக வேலை செய்கிற மருந்தாளுநர் முதலாளிக்கு நஷ்டம் என்ற கணக்கு இருக்கும்வரை, தனியார் கடையில் ரெசிடென்சி தொடங்கினால் அது சம்பளமில்லாத சேல்ஸ்மேன் வேலையாகத்தான் முடியும்.

அதனால் விற்பனை டார்கெட் இல்லாத இடத்தில் தொடங்குவதே சரி. 2025 பிப்ரவரி 24-ல் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. கூட்டுறவு சங்கங்களும், பி.பார்ம், டி.பார்ம் முடித்த தொழில்முனைவோரும் நடத்தும் கடைகள் அவை. தொழில்முனைவோருக்கு அரசு 3 லட்ச ரூபாய் உதவியும் அறிவித்தது. கடை வைக்கப் பணம் கொடுத்த அரசு, கடையில் நிற்பவரின் பயிற்சிக்கும் கொஞ்சம் கொடுக்கலாம். மதுரை மருத்துவக் கல்லூரியிலேயே பார்மசி கல்லூரி இருக்கிறது. எம்.டி., எம்.எஸ். மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைகளில் வேலை செய்ய வேண்டும் என்று 2020-ல் விதி வந்தது. அதே மாதிரி மருந்தாளுநர்களுக்கும் ராஜாஜி மருத்துவமனையில் மூன்று மாதம், உசிலம்பட்டி அரசு மருத்துவமனையில் மூன்று மாதம், மீதி ஆறு மாதம் கூட்டுறவு மருந்தகக் கவுன்டர் என்று பிரிக்கலாம்.

முதல் பேட்ச்சுக்கு மாவட்டம் முழுக்கப் பத்துப் பேர் போதும். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் என்று தாலுகா ஊர்களில் நிறுத்தி, ஸ்டைபண்டை அரசே கொடுக்க வேண்டும், கடை அல்ல. ஒவ்வொருவர் கையிலும் ஒரு நோட்டு: எத்தனை பேருக்கு ஒரே மருந்து இரண்டு பெயரில் இருந்தது, எத்தனை பேரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், எத்தனை சீட்டுக்கு டாக்டருக்குப் போன் போட்டார்கள். ஒரு வருடம் கழித்து அந்தப் பத்து நோட்டையும் மேஜையில் வைத்து, இதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோகலாமா என்று சுகாதாரத் துறை முடிவு செய்துகொள்ளலாம்.